வெள்ளாமைக்குள் ஷூவோடு போவதா?

அம்மணி,

உங்கப்பா கோல்ஃப் ஆடுவார் என்று நான் அன்றைக்கே சொன்னேன், நீதான் நம்பவில்லை. கோழிப்பண்ணையை விற்றதிலிருந்து டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்த மச்சானை, நீ பெங்களூரிலிருந்து அனுப்பிய மட்டையும் ஷூவுமாக ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குக் கூட்டிப்போனேன்.

கோல்ஃபில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? போகிற வழியிலேயே அத்தனை சட்டத்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அங்கிருந்த கோச்சே என்னிடம் இரண்டு சந்தேகம் கேட்டார்.

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டியிருந்த புல்லைப் பார்த்ததும் மச்சான் நின்றுவிட்டார்.

"ஏனுங்க மாப்ள, இத்தன பதமா வளத்த வெள்ளாமைக்குள்ள ஷூவோட எப்படீங்க போறது?"

கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தார். பின்னால் நின்ற பெரிய மனுசர்கள், ஒரு மில் முதலாளி உட்பட, அத்தனை பேரும் மரியாதையாகத் தங்கள் ஷூவையும் கழற்றிவிட்டார்கள். மச்சான் தட்டிய பந்து நேராகக் குழிக்குள் போய் விழுந்தது.

திரும்பி வரும்போது, "அடுத்த ஞாயித்துக்கெழமையும் போலாமுங்களா?" என்று அவராகவே கேட்டார். எத்தனை மாதம் கழித்து அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு!

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். அந்தப் பெரிய மனுசர்கள் யாரும் ஷூவைக் கழற்றவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கழற்றியது நான் ஒருத்தன்தான். நல்லவேளை, மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் கழற்றினார்கள் என்றுதான் அவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் கேட்டால், மாமன் எனக்கும் அப்படித்தான் எழுதியிருக்கிறார் என்று சொல்லிவிடு.

உன் மாமன்