மூன்று மாதம் பொறுக்காத வாய்

அயாவிரி, செவ்வாய்க்கிழமை

என் கண்ணான நில்டாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம், லிமாவிலிருந்து உன் நலம் சரியாகத் தெரியும்வரை அதைப் பாதி நலமாக எடுத்துக்கொள். முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் நிறையும்வரை யாரிடமும் மூச்சு விடாதீங்க அப்பா என்று நீ சொல்லியும், காணாமல்போன அடையாள அட்டைக்கும் அன்றைய மீன் விலைக்கும் நடுவே, நான் தாத்தாவாகப் போவதைச் சந்தை ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டேன். நாலாம் நாள் உன் போன், எட்டாவது வாரத்தில் ரத்தம் பட்டது, ஆனால் ஸ்கேனில் துடிப்பு தெரிகிறது என்று. இப்போது கிழங்குக்காரி சபினா நான் அறிவிப்புச் சொல்லும் கூண்டைக் கடக்கும்போதெல்லாம், பேரன் எப்படியிருக்கான் டோன் ஃபெர்மின் என்கிறாள், நான் மைக்கைத் துடைக்கிறேன்.

தாங்காமல் அவளிடம் மட்டும் ரத்தம் பட்டதைச் சொன்னேன். உடனே தன் கடையில் கண்ணேறுக்குத் தொங்கும் சதாப்பு இலையில் ஒரு கட்டு அறுத்து, உன் மகள் கொதிக்கவைத்துக் குடிக்கட்டும் என்றாள். உனக்கு அனுப்பும் பொட்டலத்தில் அதையும் வைத்து பஸ் ஆபீஸில் கொடுத்துவிட்டு, பெரிய வேலை முடித்தவன்போலச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். கர்ப்பிணிகள் வரிசையில் தொப்பையோடு உட்கார்ந்தவனைப் பார்த்து, உங்களுக்கு எத்தனை மாசம், ரெட்டைப் பிள்ளையா என்று ஒருத்தி கேட்க, வரிசையே சிரித்தது, எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மருத்துவச்சி நொயெமி பொறுமையாகக் கேட்டாள். துடிப்பு தெரிஞ்சுட்டா கிட்டத்தட்ட பத்துப் பேர்ல ஒன்பது பேருக்குக் கரு தங்கிடும், ஆனா அந்தப் பத்தாவது ஆள் யாருன்னு எனக்குத் தெரியாது என்றாள். நீ மாடிப்படி ஏறியதாலோ பை தூக்கியதாலோ அந்த ரத்தம் வரவில்லை, இதை உன்னிடம் கட்டாயம் சொல்லச் சொன்னாள். பிறகு நான் இலையைப் பற்றிப் பெருமையடித்தேன். அவள் எழுந்தே நின்றுவிட்டாள். ஐயோ, அது கருவைக் கலைக்கிற இலை, கதவுல தொங்கவிடலாம், வாய்க்குள்ள போகக்கூடாது என்றாள். நான் ஓடிய ஓட்டத்தை ஊரே பார்த்தது. பஸ் கிளம்பவில்லை, பொட்டலத்தைப் பிரித்து இலையை வீசிவிட்டேன். பொட்டலத்தின் முடிச்சு கோணலாக இருந்தால் அதுதான் காரணம். உள்ளே வறுத்த சோளமும் காய்ந்த ஆட்டிறைச்சியும் மட்டும்தான், இந்தக் கடிதமும்.

யார் எந்த இலை கொடுத்தாலும், நானே கொடுத்தாலும், டாக்டரைக் கேட்காமல் தொடாதே. ரத்தம் அதிகமானாலோ வயிறு வலித்தாலோ தலை சுற்றினாலோ விடியட்டும் என்று காத்திராதே. வியாழக்கிழமை ஸ்கேன் முடிந்ததும் அம்மாவைக் கூப்பிடு, என் வாயை நம்பாதே. கன்னி மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் காக்கட்டும்.

உன் அப்பா,
ஃபெர்மின்

அன்றைக்கு போனில் நீ அழுதுகொண்டே, ஊருக்கே சொல்லிட்டீங்களே அப்பா, ஏதாவது ஆயிட்டா எப்படி அங்கே வந்து முகத்தைக் காட்டுவேன் என்றாய். நான், சந்தையில யாருக்கும்மா காது கேட்குது என்று சிரித்தேன். சொல்ல நினைத்து வாயில் வராதது இது: அப்படி ஆகிவிட்டால் கூண்டில் ஏறி ஊருக்குச் சொல்வது நான்தான். நீ யாருக்கும் ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டாம். நீ இருந்தால் போதும்.