மதினியின் பேரை எடுத்த நாள்

மதினி,

என் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க இன்று காலையில் காகிதங்களை அடுக்கினேன். புது பைல் அட்டையின் பசை வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது.

பதுளையில் அந்தப் பிரஜாவுரிமை ஆபீஸ் முழுக்க இந்த வாடைதானே? கொஸ்லந்தையிலிருந்து அண்ணனும் நீங்களும் நானும் பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்றோம். உங்களுக்குக் கல்யாணமான புதுசு. இங்கேயே இருப்பதா இந்தியா போவதா என்று தேயிலைத் தோட்டத்து ஆட்களெல்லாம் எழுதிக்கொடுத்த காலம். இந்த நாட்டிலேயே இருக்க எழுதிக்கொடுத்த அண்ணனுடைய பைலில் உங்கள் காகிதங்களையும் சேர்த்திருந்தோம். உங்கள் அப்பாவோ, கல்யாணத்துக்கு முன்பே குடும்பத்தோடு இந்தியா போக எழுதிக்கொடுத்திருந்தார். அதிலும் உங்கள் பேர் இருந்தது. அதை எடுக்கச் சொல்ல நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நம் தோட்டத்து லயத்து வீடுகளில் தாலி கட்டினதும் பெண் மாப்பிள்ளை வீட்டுக் காம்பராவுக்கு வந்துவிடுவாள், அவ்வளவுதான். பிறந்த வீட்டில் பேரை அடிக்க யார் போகிறார்கள்?

"ரெண்டு பைல்ல ஒரே பேரு இருக்கக் கூடாது. புதுசா சேத்தத கழட்டுங்க" என்றார் மேசையிலிருந்த ஆபீஸ் ஐயா. கிளாக்கர் நாடாவை அவிழ்த்து உங்கள் போட்டோவையும் கல்யாணச் சர்டிபிகேட்டையும் உருவி உங்கள் கையிலேயே கொடுத்தான்.

"நான் இவரு பொஞ்சாதிங்க. இந்தா, இங்கதானே நிக்கிறேன்!"

"நிக்கலாம்மா. பைல்ல இல்ல" என்றான் கிளாக்கர்.

பாவி மனுஷன், நம் தமிழில்தான் பேசினான். "பழச எடுத்துட்டு இத விட்டுருங்க ஐயா" என்று அண்ணன் கெஞ்சினார். பழையதற்கு உத்தரவு வந்துவிட்டதாம், தொடக் கூடாதாம்.

அப்புத்தளை ஸ்டேஷனில் உங்களை அப்பா அம்மாவோடு கோச்சியில் ஏற்றினோம். எல்லாரும் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நீங்கள் மட்டும் ஜன்னல் வழியே என் கையைப் பிடித்து, "அண்ணனுக்குச் சோத்தச் சுடச்சுடப் போடு புள்ள. சீக்கிரம் வந்துருவேன்" என்றீர்கள். எங்கே வர விட்டார்கள்? கூடலூர்ப் பக்கம் காய்ச்சலில் போய்விட்டீர்கள் என்று தபால்தான் வந்தது. அதற்குள் எல்லாக் காரியமும் முடிந்திருந்தது. அண்ணனால் ஒரு பிடி மண் போட முடியவில்லை.

அதற்கப்புறம்தான் அவருக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்தது. வாசித்துப் பார்த்தால், மணமாகாதவர் என்று போட்டிருக்கிறார்கள். நல்லா இருப்பானுங்களா?

வோட்டுப் பதிகிறவர் லயத்துக்கு வரும்போதெல்லாம் "சம்சாரம்?" என்று அண்ணனைக் கேட்கிறார். நான் முன்னால் போய் உங்கள் பேரைச் சொல்வேன். "இப்ப இல்லதானே?" என்று அவர் எழுதாமல் விட்டுவிடுவார். அடுத்த தடவையும் சொல்வேன் மதினி. எழுதினால் எழுதட்டும், எழுதாவிட்டால் போகட்டும்.