துவக்குக் கடையில் அடையாள அட்டை

ரொறன்ரோ

அன்புள்ள தவமலர்,

உமது முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், இருமல்கூட இல்லை.

பயப்படாமல் வாசியும்: துவக்கு ஒன்று வாங்கியிருக்கிறேன். என்னோடு வேலைசெய்யும் அகஸ்ரின், "அண்ணை, சனிக்கிழமையில அறைக்குள்ள இருந்து என்ன செய்யிறியள்? துவக்குச் சுடுற கிளப்புக்கு வாங்கோ. கடதாசிக் குறியைத்தான் சுடுறம்" என்றார். இங்கே வேறு யாரும் என்னை எங்கும் கூப்பிட்டதில்லை.

பரீட்சை எழுதி லைசென்ஸ் எடுத்தேன். மூன்று வாரம் கொப்பியில் விலைகளை எழுதி ஒப்பிட்டு, முன்பு ஒருவர் பாவித்த சிறிய றைபிள் ஒன்றைத் தெரிவுசெய்தேன். ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இழுத்துப் பூட்டவேண்டும். என் வேகத்துக்கு அது பொருந்தும். ஆனாலும் சரியானதைத்தான் எடுத்தேனா என்று இன்னும் சந்தேகம்.

கடைக்காரர் அதை நீட்டியபோது, ஊரில் ஆமியின் சோதனைச்சாவடியில் நிற்பதுபோல நான் தொப்பியைக் கழற்றி, ஊர் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். கூட வந்த அகஸ்ரின் சிரிக்கவில்லை. "நான் இஞ்ச வந்த முதல்நாள் ரெண்டு கையையும் மேல தூக்கினனான், அண்ணை" என்றார்.

இப்போது அவருக்குச் சனிக்கிழமைகளில் வேலை போட்டுவிட்டார்கள். நான் இன்னும் ஒருமுறையும் சுடவில்லை. பூட்டிய பெட்டியிலிருந்து கிழமைக்கொருமுறை எடுத்துத் துடைக்கிறேன். அதற்கு உமது பழைய நூல் சேலையில் ஒரு துண்டு அனுப்பும். தோய்க்கவேண்டாம், உடுத்தபடியே இருக்கட்டும்.

பஸ் வரப்போகிறது.

உமது
சிவஞானம்