ஒன்பது வயதுச் சக்கரவர்த்தி

பெப். 1, ஞாயிறு
விடாத பனி. வாசலில் குவிந்த பனியை இரண்டு தரம் வழித்தேன். இவர் கூட்டம் முடிந்து சிரித்துக்கொண்டு வந்தார். பழைய தலைவர் கொழும்புக்குப் போயிருந்த நேரம் பார்த்து இங்குள்ள எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் பதவியைப் பிடித்தாயிற்று. மகன் கவினும் இணைத்தலைவராம். பத்தொன்பது வயது.
"இளம் பெடியங்கள் முன்னுக்கு வரவேணுமெல்லோ" என்றார்.
கவினை ஒருவரும் கேட்கவில்லை.

பெப். 5, வியாழன்
மைனஸ் 19. பால், பருப்பு வாங்க வேண்டும். சங்கத்தில் பாதிப்பேர் பழைய தலைவர் பக்கம் திரும்பிவிட்டார்களாம். இவருக்கு நித்திரை இல்லை.
கவினுக்குப் படிப்பில் ரோமர் வரலாறு. சாப்பாட்டு மேசையில் சொன்னான். மக்ரினுஸ் என்று ஒரு காவல்படைத் தலைவர். சக்கரவர்த்தியைக் கொல்ல ஆள் ஏவி, ஆட்சியைப் பிடித்தாராம். பிறகு படை கலகம் செய்ய, படையைத் தன் பக்கம் வைத்திருக்க மகன் தியாதுமேனியனையும் சக்கரவர்த்தி ஆக்கினாராம். ஒன்பது வயது.
"எவ்வளவு காலம் இருந்தவன்?"
"ஒரு மாசம் மாதிரி அம்மா. மேபி அதுவுமில்லை. தேப்பன் சண்டையில தோத்திட்டார். மகனைச் சேஃபா எல்லைக்கு அங்கால அனுப்பினவர். வழியில பிடிச்சுக் கொலை செய்திட்டாங்கள்."
இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்.

பெப். 15, ஞாயிறு
சங்கக் கூட்டம். இவருக்குத் திடீர்க் காய்ச்சல். தொட்டுப் பார்த்தேன், சூடில்லை.
"கவினை ஏன் தனிய அனுப்புறியள்?"
"அவனும் தலைவர்தானே."
பின்னேரம் கவின் வந்தான். முகம் வெளிறி. "உன்ர கொப்பர் எங்கையடா ஒளிச்சிருக்கிறார்?" என்று மைக்கைப் பறித்தார்களாம். சின்ன வயதில் இவனைத் தூக்கித் திரிந்த அங்கிள்மார்.
"என்னடா சொன்னனி?"
"நானும் அப்பாவும் விலகிறம் எண்டு சொன்னனான்."
இவர் அறைக்குள்ளிருந்து கத்தினார். கவின் சப்பாத்தைக் கட்டினான். பையை எடுத்துக்கொண்டு ரெக்ஸ்டேலுக்கு, சிநேகிதன் வீட்டுக்கு. கையுறையை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

பெப். 16, திங்கள்
லீவு நாள். ஒருவரும் எங்களுக்குப் போன் எடுக்கவில்லை. சமைத்தது அப்படியே.

பெப். 18, புதன்
உறைமழை. இவர் தேத்தண்ணியோடு நின்றபடி, என் முகத்தைப் பாராமல்:
"அந்த ரோமர் கதை. தேப்பனுக்கு என்ன நடந்தது?"
நேற்றுக் கவினிடம் போனில் நானும் அதைத்தான் கேட்டிருந்தேன். சொன்னேன். மக்ரினுஸ் மாறுவேடத்தில் ஓடிப் பிடிபட்டார். கொண்டுபோகும் வழியில், மகனும் பிடிபட்டான் என்று கேட்டதும் ஓடுகிற வண்டியிலிருந்து குதித்தார். தோள் முறிந்தது. பிறகு அவரையும் கொன்றார்கள்.
தேத்தண்ணியை மேசையில் வைத்தார். பிறகு ஜக்கெட்டை மாட்டினார்.
"ரெக்ஸ்டேல் விலாசத்தைச் சொல்லு."
எழுதிக் கொடுத்தேன். கராஜ் கதவு திறந்த சத்தம்.
அப்பா வாறார் என்று கவினுக்கு மெசேஜ் போட்டேன். உடனே பதில்: "அப்பாவை இங்க வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ அம்மா. ப்ளீஸ்."
செருப்போடு ஓடினேன். கார் போய்விட்டது. அவருடைய போன் சமையலறையில்.