இடது சட்டத்தின் எண்

அக்டோபர் 4, வியாழன்

காலையிலிருந்து தூறல். லீவு போட்டாயிற்று. பதினொரு மணிக்கு வண்டி வந்து சேர்ந்தது. செங்கல்பட்டிலிருந்து மினி லாரியில், தார்ப்பாய் மூடி.

இரண்டே சீட். துணிக் கூரை. தவளைக் கண் மாதிரி முன்விளக்கு. என்னைவிட ஒரு வயது மூத்த வண்டி. எதிர் பிளாக் சார்: "குடும்பத்தோட போக முடியாதே இதுல?" முடியாதுதான். ஆபீஸில் இருபது வருஷமாக எல்லாவற்றையும் அளந்து கையெழுத்துப் போடுகிறவன் நான். இதை மட்டும் அளக்காமல் வாங்கினேன்.

விற்ற ஸ்டீபன் சார் முப்பது வருஷம் வைத்திருந்தார். லாரி கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "இருக்கறத இருக்கற மாதிரியே வெச்சுக்குங்க தம்பி. எதையும் மாத்தாதீங்க."

மறக்கக் கூடாதவை:
29 திங்கள் – ஆர்.டி.ஓ. ஆபீஸ். வண்டியைக் காட்ட வேண்டும். பதிவு புதுப்பித்தல், பெயர் மாற்றம் இரண்டும்.
நவம்பர் 3 – ஸ்டீபன் சார் மகளிடம் ஆஸ்திரேலியா போகிறார். திரும்புவதாக இல்லை.
அதற்குள் பெயர் மாறாவிட்டால் வண்டி அவர் அண்ணன் மகன் ராபர்ட்டுக்கு. ராபர்ட் மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் பேசி வைத்திருக்கிறார். வாசலில் நிறுத்தி, இன்ஜினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பூச்செடி வைப்பார்களாம். பூச்செடி!

இன்ஜின் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டேன். சரி. அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணைப் பார்க்கவில்லை. "கீழ எங்கயோ இருக்கும், எடம் மறந்துபோச்சு. பிசுக்குல தெரியாது" என்றார் ஸ்டீபன் சார். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 7, ஞாயிறு

நல்ல வெயில். கடல் காற்று. உதட்டை நக்கினால் உப்பு. இந்த ஊரில் சைக்கிள் செயினே ஆறு மாதம் தாங்குவதில்லை. சுரண்டு, தேய், அன்றைக்கே துரு ஏறாமல் சிவப்பு ரெட் ஆக்ஸைடு பெயின்ட் அடி. கல்பாக்கத்தில் கேட் வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தெரியும்.

காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை வண்டிக்கு அடியில்.
பின் ஸ்பிரிங் – பரவாயில்லை.
தரைத் தகடு – இரண்டு இடத்தில் ஓட்டை. டிங்கர் அந்தோணியிடம் கேட்க வேண்டும்.
வலது சட்டம் – நல்ல கெட்டி.
இடது சட்டம், முன்பக்கம் – பொருக்குப் பொருக்காகத் துரு. வயர் பிரஷ்ஷுக்கு மசியவில்லை. இரும்பு தேய்க்கும் கிரைண்டரை எடுத்தேன். பளபளவென்று வரும்வரை விடவில்லை. முகம் பார்க்கலாம். உடனே ரெட் ஆக்ஸைடு, இரண்டு கோட்.

மனைவி ம. இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டாள். "அதுக்கு அடியிலயே பாய் போட்டுத் தரட்டுமா?" ரொம்ப சந்தோஷமான நாள். எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 13, சனி

மழை விட்டுவிட்டு. சதுரங்கப்பட்டினத்திலிருந்து அந்தோணி வந்தான். கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் ஷெட். படகு இன்ஜின், மீன் வண்டி, எல்லாம் பார்ப்பான். வண்டியை ஒரு சுற்று சுற்றினான். "இன்னா சார், பொம்ம மாரி கீது." தரையை வெட்டி, தகடு வைத்துப் பற்றவைத்தான். சுத்தமான கை. கூரையின் கம்பிச் சட்டத்தைச் சரிசெய்ய ஷெட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறான்.

பால் கார்டு. கரண்ட் பில்.

அக்டோபர் 20, சனி

ஸ்டீபன் சார் போன். "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இன்ஸ்பெக்டர் சேஸிஸ் நம்பர் மேல பேப்பர் வெச்சு பென்சில்ல தேய்ச்சு எடுப்பாரு. தெளிவா இருக்கா பாத்துக்குங்க. பழைய பேப்பரப் பாத்தேன். இடது சட்டம், முன்னாடி."

தின்னரும் துணியும் எடுத்துப் போனேன். ரெட் ஆக்ஸைடைத் துடைத்தேன். எண் இல்லை. டார்ச் அடித்தேன். இல்லை. வழவழவென்று இரும்பு.

எண் இல்லாத வண்டி திருட்டு வண்டிக்குச் சமம். பெயர் மாறாது. ரிசார்ட். பூச்செடி.

நேரே அந்தோணி ஷெட். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவ்வளவு பேர் முன்னால் கத்தினேன். "நம்பரத் தேய்ச்சுட்டியேடா, உனக்கு அறிவிருக்கா?"

"நான் தரைய மட்டுந்தான் சார் வெட்னேன். சட்டத்துல கையே வெக்கல. நான் வர்றப்பவே அது செவப்பு பூசிக்கினு கீது."

"பொய் சொல்லாத."

அவன் கூரைக் கம்பியைக் கொண்டுவந்து என் ஸ்கூட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

அக்டோபர் 21, ஞாயிறு

அந்தோணி வந்த தேதியைப் பார்க்க இந்த நோட்டைப் புரட்டினேன். 7ஆம் தேதிப் பக்கம். இடது சட்டம், முன்பக்கம். கிரைண்டர். என் கையெழுத்து. பளபளவென்று வரும்வரை விடவில்லை. முகம் பார்க்கலாம்.

பார்த்தேன்.

அக்டோபர் 23, செவ்வாய்

கனமழை. ஆபீஸில் எதிலும் மனம் ஒட்டவில்லை. என் வேலையே இதுதான்: பாகத்தில் பொறித்த எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது.

போன வருஷம் கான்ட்ராக்ட் ஆள் ஒருவன், அழிந்துபோன எண்ணைத் தானே பொறித்துக் கொண்டுவந்தான். எண் சரி. இரும்பும் சரி. கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவன் முகம் நேற்றிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது.

வீட்டில் என்னிடமும் இரும்பில் எண் பொறிக்கிற நம்பர் பஞ்ச் செட் இருக்கிறது. ஒன்பது துண்டு. ஆறைத் தலைகீழாக வைத்தால் ஒன்பது. எண் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. பத்து நிமிஷ வேலை. கொஞ்சம் உப்புத் தண்ணீர் தெளித்தால் இரண்டு நாளில் பழசாகிவிடும். யாருக்கும் தெரியாது.

இன்னும் ஆறு நாள்.

அக்டோபர் 25, வியாழன்

ஆயுத பூஜை. ம. கருவிகளையெல்லாம் வண்டிக்கு முன்னால் பரப்பினாள். ஸ்பேனர், கிரைண்டர், அவளுடைய கத்தரிக்கோல், பையனின் ஜியோமெட்ரி பாக்ஸ். பெயின்ட்டில் சந்தனம் வைக்காதே என்றேன். முறைத்துவிட்டுக் கண்ணாடியில் வைத்தாள்.

"இந்த பஞ்ச் பெட்டி எதுக்கு வெளிய எடுத்து வச்சிருக்கீங்க? வருஷக்கணக்கா பரண்லதான கெடக்குது?"

சமாளிக்கப் பார்த்தேன். முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பெட்டியை மூடினாள். "அந்தோணிகிட்ட போய்ச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"ஆறு நாளா அவன் திருடன் பட்டத்தோட நிக்கிறான். நீங்க நம்பரப் பத்தி யோசிச்சுகிட்டு இருக்கீங்க." பெட்டிக்கும் ஒரு பொட்டு வைத்தாள். "பூஜைல வச்சாச்சு. நாளைக்குக் காலைல வரைக்கும் இதத் தொடக்கூடாது."

பூசணிக்காய் உடைத்தோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பொரி கடலை. என்னால் சாப்பிட முடியவில்லை. ஐந்து நாள்தான் ஆகிறது என்று அவளைத் திருத்தவும் வாய் வரவில்லை.

அக்டோபர் 26, வெள்ளி

சதுரங்கப்பட்டினம். அதே ஷெட், ஏறக்குறைய அதே ஆட்கள். அந்தோணி படகு இன்ஜினில் குனிந்திருந்தான். கிட்டே போய் மெதுவாகச் சொன்னேன்: நம்பரைத் தேய்த்தது நான்தான்.

தலையை நிமிர்த்தாமலே: "அன்னிக்கு கத்தி சொன்ன இல்ல? இன்னிக்கும் கத்தி சொல்லு."

சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி. காது சுட்டது.

டீ வாங்கி வர ஒருவனை அனுப்பினான். "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இன்னா சொல்லப் போற சார்? நான் தேய்ச்சேன்னு எழுதிக் குட்துடுவியோன்னு ஒரே பேஜாரு. போலீஸ் வந்து போனா என் ஷெட்டாண்ட எவன் வண்டிய வுடுவான்?"

நினைத்ததே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு தடவை நினைத்தேன். அதை அவனிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

வந்ததும் ஸ்டீபன் சாருக்குப் போன். சொல்லி முடித்தேன். "திங்கக்கிழம ஆபீஸுக்கு வர்றேன்." வைத்துவிட்டார்.

அக்டோபர் 29, திங்கள்

மேகமூட்டம். மினி லாரியில் வண்டி, பின்னால் ஸ்கூட்டரில் நானும் அந்தோணியும். பிரேக் பார்க்க ஆள் வேண்டும் என்று அவனே வந்தான். ஸ்டீபன் சார் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். மெல்லிய தாள், பென்சில். தேய்த்தார். தாளில் வெறும் கறுப்பு. இன்னொரு தாள். அதுவும்.

"யாரு தேய்ச்சது?"

அந்தோணி தரையைப் பார்த்தான்.

"நான்தான் சார்."

"எதுக்கு?"

"துரு சார்."

"திருட்டு வண்டிக்காரனும் இதத்தான் சொல்றான்."

அப்போதுதான் ஸ்டீபன் சார் பைக்குள்ளிருந்து ஒரு ஃபைல் எடுத்தார். முப்பது வருஷமாக பதிவு புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் எடுத்த பென்சில் பிரதியில் தனக்கென்று ஒன்று வைத்திருக்கிறார். ஒன்றுகூட விடவில்லை. இன்ஸ்பெக்டர் ஆபீஸ் ரிக்கார்டோடு வைத்துப் பார்த்தார். இன்ஜின் எண்ணையும் பார்த்தார். "நடந்தத எழுதிக் குடுங்க. மேல கேக்கணும். புதன்கிழம வாங்க."

எழுத உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. பையிலிருந்து இந்த நோட்டை எடுத்து 7ஆம் தேதியில் உள்ளதை அப்படியே எழுதினேன். முகம் பார்க்கலாம் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

வெளியே ஸ்டீபன் சாருக்கு ராபர்ட்டின் போன். ரிசார்ட்காரர்கள் வியாழக்கிழமை லாரி அனுப்பத் தயாராம். "புதன் ஆகட்டும்" என்றார். அவ்வளவுதான்.

அக்டோபர் 31, புதன்

மழை இல்லை. அனுமதி வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் முன்னிலையில் அதே எண்ணைப் பொறிக்க வேண்டும். மறுபடி பொறித்தது என்று ஆர்.சி. புத்தகத்தில் எழுதுவார்கள். இனி யார் வாங்கினாலும் அது இருக்கும்.

பஞ்ச் பெட்டியைத் திறந்தேன். பொட்டு இன்னும் அழியவில்லை. சுத்தியலை அந்தோணியிடம் கொடுத்தேன்.

"நம்பர ஒண்ணொண்ணா சொல்லு சார்."

புத்தகத்தைப் பார்த்துப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே அடி. கடைசி எண் ஒரு மயிரிழை சாய்ந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் பென்சில் போட்டார். தாளில் எல்லாம் வந்தது. கையெழுத்து.

பழக்கதோஷம், ரெட் ஆக்ஸைடு டப்பாவைத் திறந்தேன். ஸ்டீபன் சார் என் மணிக்கட்டைப் பிடித்தார். "கிரீஸ் போடுங்க தம்பி. தெரியட்டும்." ஐந்து நாளில் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. கிரீஸ் தடவினேன். அவர் விரலால் ஒருமுறை அந்த எண்களைத் தொட்டுப் பார்த்தார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்.

மாலை, வண்டி என் பெயரில், வீட்டு வாசலில். அந்தோணி கூரைக் கம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டான். "ஞாயித்துக்கெழம வர்றேன். அதுவரிக்கும் நீ எதையும் தேய்க்காத சார்."

கிரைண்டரையும் அவன் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டேன்.