கேரவனுக்குப் பின்னால் நிற்பவனுக்கு

யெல்லெ,

கேரவனின் பிரேக்கைச் சரிபார்க்கப் பட்டறைக்குப் போகிறேன். அடுப்பில் பட்டாணி சூப் இருக்கிறது. என்மேல் உள்ள கோபத்தை வயிற்றில் காட்டாதே.

நேற்று பின்பக்கக் கேமராவை மாட்டியதும், "இனி நான் எதுக்குடி? அதையே பக்கத்துல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போ!" என்று கத்தினாய். உன் உறுத்தல் எனக்குத் தெரியும். விடுமுறை முகாமில் நான் காரோடு கேரவனைப் பின்னுக்கு எடுத்தால், கூடார வரிசையே காபிக் கோப்பையோடு வேடிக்கை பார்க்கும். அத்தனை பேருக்கும் முன்னால் கையாட்டி வழிசொல்வது நீதான்.

போன கோடையில் ஈரப்புல்லில் வழுக்கி விழுந்தாயே, அது எனக்குத் தெரியவே இல்லை. கண்ணாடியில் கேரவனின் இரண்டு ஓரமும்தான் தெரியும். நான் பாட்டுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். பக்கத்துக் கூடாரத்துக்காரர் போக்கெ ஓடிவந்து கார் பானெட்டில் அடித்ததால் பிழைத்தாய்.

சின்ன வயதிலேயே உருளைக்கிழங்கு டிரெய்லரைப் பின்னுக்கு எடுத்தவள் நான். வண்டியை நிறுத்த எனக்குக் கேமரா வேண்டாம். உன்னைப் பார்க்கத்தான் வேண்டும்.

சனிக்கிழமை கிளம்பலாம், வா.

சீட்ஸ்கெ

பி.கு: வெளியே போனால் சாவியைப் பூந்தொட்டிக்கடியில் வை.

இன்னொன்று: வழக்கம்போலப் பின்னால் நின்று கத்து. நீ திரையில் தெரியும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கமாட்டேன். வேடிக்கை பார்ப்பவர்களின் காபி ஆறினால் ஆறட்டும்.