டீச்சர் வீட்டுக்காரன் எழுதுவது

கொத்தமல்லியும் மிளகாயும் வறுத்த வாசனை வீடு முழுக்க நிற்கிறது. வறுத்தது நான்தான். நம் மருமகள் எட்டிப் பார்த்து, "ஏன் மாமா, இந்த வயசுல ஆம்பள அடுப்படியில நிக்கணுமா?" என்கிறாள். உன் குழம்பைவிட என் குழம்புதான் ருசி என்று நீயே ஒத்துக்கொண்டதை இவளுக்கு யார் சொல்வது!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷ வாக்கில் செம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் உனக்கு வேலை கிடைத்தது. நீ முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எனக்கு ஜவுளிக்கடை பத்து மணிக்குத்தான். அதனால் அடுப்படி என் கைக்கு வந்தது. இதில் என்ன அதிசயம்? தெருவே அதிசயப்பட்டது. 'டீச்சர் வீட்டுக்காரன்' என்று பேர் வைத்துச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

தன் மகளுக்குக் கல்யாண நாள் குறித்த சேதியோடு ரெட்டியார்சத்திரத்திலிருந்து என் அக்கா வந்தாள். நான் அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏலே, இதுக்கா ஒன்னைய வளத்து ஆளாக்குனோம்? அவ வேலைய விடட்டும். இல்லேன்னா எம்மக கல்யாணத்துல தாய்மாமன்னு நீ வந்து நிக்க வேணாம்."

"செத்த நேரம் உக்காருக்கா. சாப்ட்டுப் போ" என்றேன். நான் ஆக்கிய சோற்றில் கை வைக்காமலே போய்விட்டாள்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் நீ, "வேலைய விட்டுர்றேங்க. கூடப் பொறந்தவுகள விட்டுட்டு நமக்கு என்ன சம்பளம்?" என்றாய். அன்று திட்டியதுபோல் உன்னை நான் என்றுமே திட்டியதில்லை. "இம்புட்டுப் படிச்சது எங்க அக்காளுக்குப் பயப்படவா?" என்று கத்தினேன்.

அக்கா சொன்னபடியே செய்தாள். கல்யாணத்தில் தாய்மாமனாக நான் போட வேண்டிய மாலையைப் பெரியப்பா மகன் போட்டான். அன்று காலை உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு, கடைக்குப் போய்த் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். நான் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை, அக்கா மகள். அதன்பின் அக்கா என்னோடு பேசவே இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில், கண்மூடுவதற்கு முன் கடைசியாக நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னாலதான ஒங்க அக்கா ஒறவு அத்துப்போச்சு, மன்னிச்சிருங்க" என்றாய். உனக்கோ பேச மூச்சில்லை. அந்த நிலையில் உன்னோடு சண்டை போட எனக்கும் மனசில்லை. ஆனால் இன்று நினைத்தாலும் ஆத்திரம் பொங்குகிறது. அறுத்தவள் அக்கா, மன்னிப்புக் கேட்பது நீயா? நாளைக்கே அந்தக் கல்யாணம் மறுபடி நடந்தாலும் உன்னை முதல் பஸ்ஸில்தான் ஏற்றிவிடுவேன்.

நீ கேட்ட மன்னிப்பை நான் தரவில்லை. தரவும் மாட்டேன். ஒரு தப்பாவது நீ செய்திருந்தால்தானே தருவதற்கு!